சமீபத்திய ஆக்‌ஷன் அனிமே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் என் பதில்களும்

எனக்கு ஆக்‌ஷன் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) மேல் எவ்வளவு பிரியம் என்று தெரிந்தவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். எதிலிருந்து ஆரம்பிப்பது, எது நல்லது, எதை எல்லோரும் சும்மா தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள், இதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்தானே என்று. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. பெரும்பாலும் 2019க்குப் பிறகு வந்தவற்றைப் பற்றித்தான் பேசுகிறேன். கதை முடிச்சு வெளியாகும் பதில்களில் தொடக்கத்திலேயே ஸ்பாய்லர் என்று போட்டிருக்கிறேன், இன்னும் பார்க்காதவர்கள் அதைத் தாண்டிப் போய்விடலாம்.

நல்ல சண்டைக் காட்சி என்று எதைச் சொல்வீர்கள்?

சண்டை முடிந்ததும் யாரோ ஒருவர் மாறியிருக்க வேண்டும். யார் ஜெயித்தார் என்பதோடு அது முடிந்துவிட்டால் எனக்குப் பத்தாது. ஜெயித்தவன் எதைக் கொடுத்து ஜெயித்தான், தோற்றவன் எப்படிப்பட்ட ஆள், சண்டைக்கு முன்னால் தெரியாதிருந்த எது இப்போது தெரிய வந்தது என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். பதில் இல்லையென்றால் படம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அடுத்த வாரம் மறந்துபோகும். இந்தப் பக்கத்தில் நான் எதைப் பாராட்டினாலும் குறை சொன்னாலும் அடியில் இருப்பது இந்த ஒரு அளவுகோல்தான்.

டீமன் ஸ்லேயர் வெறும் கிராபிக்ஸ் என்கிறார்களே, கதை இருக்கிறதா?

இந்தக் கேள்விதான் என்னை அதிகம் உசுப்பிவிடும். கதை சிக்கலானது இல்லை, ஒப்புக்கொள்கிறேன். குடும்பத்தை அரக்கன் கொன்றுவிட்டான், தங்கை அரக்கியாகிவிட்டாள், அவளைத் திரும்ப மனுஷியாக்க அண்ணன் கிளம்புகிறான், அவ்வளவுதான். கொயோஹாரு கொத்தோகே 2016 முதல் 2020 வரை எழுதிய மாங்கா (ஜப்பானியப் படக்கதை) மொத்தமே 23 தொகுதிகள், வளவளவென்று இழுக்காமல் முடித்துவிட்டார். ஆனால் எளிய கதை என்பதும் கதையே இல்லை என்பதும் வேறு வேறு.

2019இல் வந்த முதல் சீசனின் 19ஆவது எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள் (லேசான ஸ்பாய்லர்). சிலந்தி மலையில் ரூய் என்ற அரக்கனின் நூலுக்கு முன்னால் அண்ணன் தஞ்சிரோவின் வாள் உடைந்துபோகிறது. கற்றுக்கொண்ட தண்ணீர் மூச்சுப் பயிற்சி எடுபடவில்லை. அந்த நொடியில் அவனுக்கு ஞாபகம் வருவது வாள் வித்தை இல்லை, நோயாளி அப்பா பனியில் விடிய விடிய ஆடிய நெருப்பு நடனம். வாளைச் சுற்றி ஓடிய நீலத் தண்ணீர் அப்படியே நெருப்பாக மாறுகிறது, பின்னணியில் பாட்டு எழுகிறது, இன்னொரு பக்கம் தங்கை நெசுகோ தன் ரத்தத்தால் நூலை எரிக்கிறாள். பார்ப்பவர்கள் எல்லோரும் அந்த நெருப்பைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு முக்கியம், இத்தனை நேரம் தங்கையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவனைத் தங்கை காப்பாற்றுகிறாள் என்பது. இத்தனைக்கும் அந்த வெட்டில் ரூய் சாகவே இல்லை, அடுத்த எபிசோடில் வேறொருவர் வந்துதான் முடிக்க வேண்டியிருக்கிறது. உயிரைக் கொடுத்துப் போட்ட அடியும் போதவில்லை என்று கதை துணிந்து சொல்கிறது.

படத்தின் அழகுக்குக் காரணமும் தெரிந்துகொள்ளுங்கள். யூஃபோடேபிள் ஸ்டூடியோ வரைந்த படம், கணினிப் பின்னணி, ஒளி இவற்றையெல்லாம் ஒன்று சேர்க்கும் வேலையை வெளியே கொடுக்காமல் தன் கூரைக்குள்ளேயே செய்கிறது. தண்ணீரின் விளிம்பில் தெரியும் தடித்த கறுப்புக் கோடுகள் பழைய ஜப்பானிய மரஅச்சு ஓவியப் பாணியில் வந்தவை. காசைக் கொட்டினால் மட்டும் இது வராது, இயக்குநர் ஹருவோ சொதோசாகியும் அதே குழுவும் வருஷக்கணக்கில் ஒன்றாக இருந்து வேலை செய்ததால் வந்தது.

டீமன் ஸ்லேயரின் இன்ஃபினிட்டி காசில் படத்தில் சண்டைக்கு நடுவே பிளாஷ்பேக் ரொம்ப நீளம், போர் அடிக்கவில்லையா?

(ஸ்பாய்லர்.) எனக்கு அடிக்கவில்லை, அகாசா என்ற அரக்கனின் பகுதி அந்தப் படத்தின் உயிர் என்றே சொல்வேன். 2025 ஜூலையில் ஜப்பானிலும் செப்டம்பரில் இந்தியாவிலும் வந்த இந்தப் படம் மூன்று படங்களில் முதலாவது, இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. அதில் அகாசா மனிதனாக இருந்த கதைக்குக் கணிசமான நேரம் போகிறது என்பது உண்மைதான். நோயாளி அப்பாவுக்கு மருந்து வாங்கத் திருடிய பையன், மகன் தன்னால்தான் இப்படி ஆனான் என்று அப்பா தூக்குப் போட்டுக்கொள்வது, பிறகு ஒரு குருவும் அவர் மகள் கொயுகியும் கிடைப்பது, அவர்களையும் பொறாமைக்காரர்கள் கிணற்றில் விஷம் கலந்து கொன்றுவிடுவது.

இதைத் தெரிந்துகொண்டு சண்டையை மறுபடி பாருங்கள். அகாசா காலை ஊன்றி நின்றதும் தரையில் ஒரு பனித்துகள் வடிவம் விரியும் அல்லவா, அது கொயுகி தலையில் செருகியிருந்த ஊசியின் வடிவம். அவன் அடிகளுக்கு வைத்திருக்கும் பெயர்கள் வாணவேடிக்கையிலிருந்து வந்தவை, அவளோடு பார்த்த வாணவேடிக்கை. நூறு வருஷத்துக்கு மேல் எதுவும் ஞாபகமில்லாமல் திரிந்தவன், ஞாபகத்தை முழுக்கத் தன் உடம்பில் சுமந்துகொண்டுதான் ஒவ்வொருவரையும் அடித்திருக்கிறான். முந்தைய முகன் டிரெயின் படத்தில் அரக்க வேட்டைக்காரர் ரெங்கோகுவோடு மோதும்போதே இதெல்லாம் கண் முன்னால் இருந்தது. இவ்வளவு பொறுமையாக விதைத்து அறுப்பதை நான் வேறெந்த ஆக்‌ஷன் தொடரிலும் பார்த்ததில்லை.

ஒரு குறை மட்டும் சொல்கிறேன். அரக்கனின் தலை விழுந்த பிறகுதான் அவன் சோகக்கதை வரும் என்ற அமைப்பு மறுபடி மறுபடி வந்து பழகிவிட்டது. சில இடங்களில் அது வேலை செய்கிறது, சில இடங்களில் கடமைக்கு வைத்த மாதிரி இருக்கிறது. 2022 பிப்ரவரியில் முடிந்த எண்டர்டெயின்மென்ட் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் அது அருமையாக வேலை செய்தது. வெட்டுப்பட்ட இரண்டு தலைகள், அண்ணன் கியூதாரோவும் தங்கை டாக்கியும், உன்னால்தான் தோற்றோம் என்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே சாகிறார்கள். நீ பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று சொல்ல வாயெடுக்கும் கியூதாரோவின் வாயைத் தஞ்சிரோ தன் கையால் பொத்துகிறான். எதிரியின் வாயைப் பொத்தி, சொல்லக் கூடாததைச் சொல்லிவிடாமல் தடுக்கும் ஹீரோ! அந்தச் சீசனின் அத்தனை வெடிகளையும்விட அந்தக் கை எனக்குப் பெரிது.

ஜுஜுட்சு கைசன் இரண்டாவது சீசனை ஏன் இவ்வளவு தூக்கிப் பேசுகிறீர்கள்?

(ஸ்பாய்லர், கனமான ஸ்பாய்லர்.) ஏனென்றால் சாபப் பேய்களோடு மோதும் மந்திரவாதிகளின் அந்தக் கதையில் ஹீரோக்கள் நிஜமாகவே தோற்கிறார்கள். 2023 ஜூலை முதல் டிசம்பர் வரை 23 எபிசோடு. முதல் ஐந்து, மந்திரவாதி கோஜோவும் அவன் நண்பன் கெட்டோவும் மாணவர்களாக இருந்த காலம், மீதி பெரும்பாலும் டோக்கியோவின் ஷிபுயாவில் ஒரே ஒரு ஹாலோவீன் இரவு. எல்லாரையும்விடப் பலசாலியான கோஜோவை ஆரம்பத்திலேயே ஒரு பெட்டிக்குள் அடைத்துவிடுகிறார்கள். அந்தப் பொறியில் முக்கியமான தூண்டில் அவனுடைய ஒரே நண்பனின் முகம். முதல் ஐந்து எபிசோடில் அந்த நட்பைக் காட்டியதன் காரணம் அங்கேதான் புரியும்.

அப்புறம் 17ஆவது எபிசோடு, ஹீரோ இட்டாடோரியின் உடம்புக்குள் குடியிருக்கும் சாப ராஜா சுகுனாவும் மஹோராகா என்ற ராட்சதனும் மோதுவது. கட்டடங்களுக்குள் புகுந்து புறப்பட்டு, கோடுகள் கிறுக்கலாகி, நிறம் கலைந்து, ஒரு இடத்தில் என்ன நடக்கிறது என்றே பிடிபடாத வேகம். எனக்கு அந்தக் கிறுக்கல் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதன் முடிவைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. சுகுனா தன் ஆற்றலை விரித்த 140 மீட்டர் வட்டத்துக்குள் ஒன்றும் மிச்சமில்லை. உடம்பு திரும்பக் கிடைத்த இட்டாடோரி அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறான், இதையெல்லாம் தன் கைதான் செய்தது என்று புரிகிறது, விழுந்து மண்ணைப் பிறாண்டி அழுகிறான். கொஞ்ச நேரம் முன்னால் நாம் கைதட்டி ரசித்த சண்டையின் விலை அது. உடனே அடுத்த எபிசோடில் மூத்த மந்திரவாதி நனாமி. பாதி உடம்பு எரிந்துபோய் நடந்துவரும் அந்த மனிதர் நினைத்துக்கொள்வது மலேசியக் கடற்கரையை. அந்தக் காட்சியைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கஷ்டமாகவே இருக்கிறது.

அந்தச் சீசன் எடுக்கும்போது அனிமேட்டர்களைப் பிழிந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

2023 நவம்பரில் அதில் வேலை செய்த சிலர் சமூக வலைத்தளத்தில் வெளிப்படையாகவே கால அவகாசமில்லாத கொடுமையைப் பற்றி எழுதினார்கள். ஒளிபரப்புக்குச் சில நாட்களுக்கு முன்பு வரை வரைந்துகொண்டிருந்ததன் அடையாளம் சில காட்சிகளில் தெரிகிறது, பிறகு டிஸ்க்கில் வந்த வடிவத்தில் அவற்றைத் திருத்தினார்கள்.

ரசிகனாக இதில் எனக்கு ஒரே நிலைப்பாடுதான். தாமதமாக வரட்டும். அனிமேயில் பெரும்பாலும் ஒரு நொடிக்கு எட்டு அல்லது பன்னிரண்டு புதுப் படம் வரைகிறார்கள், வேகமான சண்டையில் 24 வரைகூடப் போகும். ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் ஒரு மனிதக் கை இருக்கிறது. ஜப்பானில் ஒரு தொடருக்கு முதலீடு போடுவது பெரும்பாலும் பதிப்பகம், தொலைக்காட்சி, இசை நிறுவனம், பொம்மை நிறுவனம் எல்லாம் சேர்ந்த ஒரு தயாரிப்புக் குழு. ஸ்டூடியோவுக்கு அதில் பங்கு இல்லையென்றால் தொடர் எவ்வளவு ஓடினாலும் பேசிய கூலிதான். அதனால் அடுத்த சீசன் ஒரு வருஷம் தள்ளிப்போகிறது என்று செய்தி வந்தால் நான் சந்தோஷப்படுவேன். ஒவ்வொரு தாமத அறிவிப்புக்கும் கீழே போய்த் திட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சோலோ லெவலிங் உங்களுக்கு ஏன் பிடிக்கவில்லை?

பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை! முதல் இரண்டு எபிசோடு பிரமாதம். கோயில் மாதிரியான அந்தக் குகையில் பெரிய சிலை சிரித்த இடத்தில் எனக்கு முதுகு சிலிர்த்தது. ஒன்றுக்கும் உதவாத வேட்டைக்காரன் என்று பேரெடுத்த ஜின்-வூ, காலை இழந்து, மற்றவர்கள் ஓடிப்போகத் தான் பலிபீடத்தில் கிடக்கும்போது அவன் மரணபயம் நமக்கும் ஒட்டிக்கொள்கிறது. கொரிய எழுத்தாளர் சுகோங் எழுதிய இணைய நாவலிலிருந்து வந்த கதை, ஏ-1 பிக்சர்ஸ் எடுத்தது, ஹிரோயுகி சவானோவின் இசை. வேலைத்தரத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

குறை வேறு இடத்தில். அந்த முதல் பயத்துக்குப் பிறகு ஜின்-வூ எதையாவது நிஜமாக இழப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒவ்வொரு சண்டையும் அவன் இன்னும் பலசாலி என்பதைத்தான் நிரூபிக்கிறது. இரண்டாவது சீசனின் ஜெஜு தீவுப் பகுதியைப் பாருங்கள் (ஸ்பாய்லர்). எறும்பு ராஜாவிடம் மற்ற வேட்டைக்காரர்கள் ஒவ்வொருவராக விழும்போது எனக்குப் பதற்றம் உச்சத்தில் இருந்தது. ஜின்-வூ வந்து இறங்கியதும் அந்தப் பதற்றம் வடிந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று தெரிந்துவிட்டது. அதைத்தான் பலர் கைதட்டி ரசிக்கிறார்கள், மாஸ் என்ட்ரி பார்த்து வளர்ந்த நமக்கு அந்தச் சுகம் நன்றாகவே தெரியும். எனக்கும் அது வேண்டியிருக்கும் நாட்கள் உண்டு. ஆனால் அந்தத் தொடரில் நான் திரும்பப் போய்ப் பார்ப்பது, வருஷக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்த அம்மா கண் விழித்ததும் அவன் உடைந்து அழும் காட்சியைத்தான்.

2025இல் அனிமே ஓடிடி தளமான க்ரஞ்சிரோலின் விருதில் ஆண்டின் சிறந்த அனிமே என்று இதற்குக் கொடுத்தார்கள். என் ஓட்டு டான்டடானுக்குத்தான்.

டான்டடான் எதைப் பற்றியது? பேர் கேட்டாலே குழப்பமாக இருக்கிறது.

பேயை நம்புகிற, வேற்றுக்கிரகவாசியை நம்பாத ஒரு பெண், மோமோ. வேற்றுக்கிரகவாசியை நம்புகிற, பேயை நம்பாத ஒரு பையன், அவனை அவள் ஒக்காருன் என்று கூப்பிடுகிறாள். பந்தயம் கட்டி ஆளுக்கொரு இடத்துக்குப் போகிறார்கள், இரண்டும் நிஜம் என்று தெரிகிறது. அதற்குப் பிறகு நிற்காமல் ஓட்டம். யுகினோபு தட்சு எழுதிய மாங்கா, சயன்ஸ் சாரு ஸ்டூடியோ, 2024 அக்டோபரில் முதல் சீசன், 2025 ஜூலையில் இரண்டாவது. முதல் எபிசோடில் கொஞ்சம் முகம் சுளிக்க வைக்கும் காட்சிகள் உண்டு, வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது போடாதீர்கள். அந்தக் காட்சிகளில் மோமோவைக் காட்டிய விதம் எனக்குப் பிடிக்கவும் இல்லை.

ஆனால் ஏழாவது எபிசோடு (ஸ்பாய்லர்). நீண்ட கூந்தலோடு கூத்தாடி மாதிரி வளைந்து வளைந்து துரத்தும் ஒரு பேய், ஐரா என்ற பெண்ணைத் தன் மகள் என்று சொல்லி விழுங்குகிறது. சண்டை முடிகிற இடத்தில் அந்தப் பேயின் பழைய வாழ்க்கை வருகிறது. கடன், பகலும் இரவும் வேலை, சின்ன அறையில் மகளோடு ஆடும் நடனம். கடன்காரர்கள் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், அடிபட்ட தாய் எழுந்து பின்னாலேயே ஓடுகிறாள், கேமரா அவள் ஓட்டத்தை விடாமல் கூடவே ஓடுகிறது. பத்து நிமிஷம் முன்னால் நாம் பயந்த அதே உடம்பின் அசைவுகள், அந்த வளைவு, அந்தத் துள்ளல், எல்லாம் ஒரு அம்மா தன் மகளுக்கு ஆடிக்காட்டியவை என்று அப்போதுதான் தெரிகிறது. சண்டைக் காட்சியில் ஒரு உடம்பு அசையும் விதத்துக்கே ஒரு வரலாறு இருக்கலாம் என்பதை இதைவிட நன்றாக யாரும் காட்டவில்லை. இயக்குநர் ஃபூகா யமாஷிரோவுக்குத் தொடர் இயக்குநராக இதுதான் முதல் படைப்பு, அதை நினைத்தால் இன்னும் ஆச்சரியம்.

ஃப்ரீரன் ஆக்‌ஷன் தொடரா? மெதுவாகத்தானே போகிறது?

மெதுவாகப் போகிறது, ஆக்‌ஷனும்தான். அசுர ராஜாவைக் கொன்று முடித்த பிறகு கதை ஆரம்பிக்கிறது. கூட வந்த மனிதர்கள் கிழவர்களாகிச் செத்துப்போகிறார்கள், ஆயிரம் வருஷத்துக்கு மேல் வாழ்ந்த எல்ஃப் மந்திரக்காரி ஃப்ரீரன் அவர்களைத் தெரிந்துகொள்ளாமலே இருந்துவிட்டோமே என்று தாமதமாகப் புரிந்துகொள்கிறாள். மேட்ஹவுஸ் எடுத்தது, 2023 செப்டம்பர் இறுதியில் முதல் நான்கு எபிசோடையும் ஒரே இரவில் இரண்டு மணி நேரப் படம் போல ஒளிபரப்பினார்கள்.

பத்தாவது எபிசோடில் ஆவ்ராவுடனான மோதல் (ஸ்பாய்லர்). ஆவ்ராவிடம் ஒரு தராசு இருக்கிறது, இரண்டு பேரின் மந்திர சக்தியையும் அதில் வைத்தால் எடை குறைந்தவர் கூடியவருக்கு அடிமை. ஐந்நூறு வருஷம் வாழ்ந்த ஆவ்ரா நம்பிக்கையோடு தராசைத் தூக்குகிறாள். தட்டு மெதுவாக மறுபக்கம் சாய்கிறது. ஃப்ரீரன் தன் குரு ஃபிளாமே சொன்னபடி ஆயுள் முழுக்கத் தன் சக்தியைக் குறைத்துக் காட்டியே வாழ்ந்திருக்கிறாள், இந்த மாதிரி ஒரு நிமிஷத்துக்காக. ஒரு அடிகூட விழவில்லை. ஃப்ரீரன் முகத்தில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை, ஒரு வரியில் கட்டளை போட்டுவிட்டுத் திரும்பி நடக்கிறாள். சண்டையே போடாமல் ஆயிரம் வருஷ உழைப்பைக் காட்ட முடியுமென்றால் அதுதான் ஆக்‌ஷன். பளார் பளார் என்று அடிதான் வேண்டுமென்றால் அதற்கு முந்தைய எபிசோடில் ஸ்டார்க்கின் கோடாலிச் சண்டையும் 26ஆவது எபிசோடும் இருக்கின்றன.

செயின்சா மேன் முதல் சீசனை ஜப்பான் ரசிகர்களே ஏன் திட்டினார்கள்?

தலையில் ரம்பம் முளைக்கும் ஒரு பையன் பேய்களை வேட்டையாடும் கதை இது. மாங்காவில் தட்சுகி ஃபுஜிமோட்டோவின் கோடு முரட்டுத்தனமானது, பைத்தியக்கார வேகம். 2022இல் மாப்பா ஸ்டூடியோ எடுத்தபோது இயக்குநர் ரியூ நகயாமா அதை அடங்கிய குரலில், நிஜப் படம் மாதிரி எடுத்தார். நான்காவது எபிசோடில் கூட வேலை செய்யும் பேய் வேட்டைக்காரன் அகி காலையில் எழுந்து காபி போட்டு பால்கனியில் உட்கார்ந்து குடிக்கும் காட்சி ஒரு வசனமும் இல்லாமல் போகும். எதிர்பார்த்த வேகம் இல்லையே என்று பலர் கொதித்துவிட்டார்கள். நான் அந்தக் காட்சியின் பக்கம். அந்த வீட்டின் அமைதி தெரிந்தால்தான் அந்த வீட்டுக்கு வரப்போகும் ஆபத்து உறைக்கும்.

முதல் சீசனில் ஆக்‌ஷன் பகுதியைக் கவனித்துக்கொண்ட தட்சுயா யோஷிஹாரா 2025 செப்டம்பரில் வந்த செயின்சா மேன் ரெசே படத்தை இயக்கினார், நிறமும் வேகமும் மாங்காவுக்கு நெருங்கி வந்தன. படத்தின் முதல் பாதி காபிக் கடையும் இரவு நீச்சல் குளமும்தான். இரண்டாம் பாதியில் ஊரே வெடிக்கும்போது நமக்கு வலிப்பதற்குக் காரணம் அந்த நீச்சல் குளம்.

வின்லேண்ட் சாகா இரண்டாவது சீசன் வயல் வேலை பார்க்கிற கதையாகிவிட்டதே?

அதனால்தான் அது எனக்கு இந்தப் பட்டியலில் முதலிடம். முதல் சீசனில் பழிவாங்கவே வளர்ந்த வைக்கிங் பையன் தோர்ஃபின், இரண்டாவதில் அடிமையாக மரம் வெட்டி, வேர் பிடுங்கி, கோதுமை விதைக்கிறான். கொன்றவர்கள் கனவில் வருகிறார்கள். 2023இல் 24 எபிசோடு, அதில் கத்தி எடுக்கும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடைசியில் (ஸ்பாய்லர்) ராஜா கனூட்டைச் சந்தித்துப் பேச நூறு குத்து வாங்கிக்கொள்ளத் தயார் என்று தோர்ஃபின் நிற்கிறான். மலை மாதிரி ஒருவன் குத்துகிறான், முகம் வீங்குகிறது, கண் மூடிப்போகிறது, விழுந்து எழுந்து நிற்கிறான். திருப்பி ஒரு அடிகூட இல்லை. ஏன் திருப்பி அடிக்கவில்லை என்று கேட்டதற்கு, எனக்கு எதிரிகளே கிடையாது என்கிறான். குத்து வாங்குகிறவன் ஜெயிக்கிற சண்டை அது. பொறுமை இல்லையென்று பாதியில் விட்டவர்கள் தயவுசெய்து திரும்பப் போய்ப் பாருங்கள்.

அட்டாக் ஆன் டைட்டன் ஸ்டூடியோ மாறியதில் கெட்டுப்போனதா?

இல்லை. விட் ஸ்டூடியோ காலத்தில், மனிதரைத் தின்னும் டைட்டன்களை வீரன் லீவாய் பறந்து பறந்து வெட்டும் காட்சிகளை அரிஃபுமி இமாய் வரைந்ததுபோல வேறு யாரும் வரையவில்லை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் 2020 டிசம்பரில் மாப்பா எடுத்துக்கொண்ட பகுதியின் கதையே வேறு, யார் நல்லவன் என்ற கேள்வி குழம்பிப்போன பகுதி. மங்கலான நிறமும் கனத்த முகங்களும் அதற்குப் பொருந்தின. கணினியில் செய்த டைட்டன்கள் சில இடங்களில் உறுத்துகின்றன, அது மட்டும் உண்மை.

கைஜு நம்பர் 8, சகமோட்டோ டேஸ், கச்சியாகுட்டா?

கைஜு நம்பர் 8: முதல் எபிசோடு தங்கம். செத்த ராட்சதனின் உடலைச் சுத்தம் செய்யும் துப்புரவுத் தொழிலாளி காஃப்கா, வயது 32, கனவு கைநழுவிப்போனவன். குடலை அறுத்து அப்புறப்படுத்தும் வேலையைக்கூட எவ்வளவு விவரமாகக் காட்டுகிறார்கள்! அவன் படையில் சேர்ந்த பிறகு வழக்கமான கதையாகிவிட்டது, அந்தத் துப்புரவு வேலையைப் பற்றியே இன்னும் எடுத்திருக்கலாம்.

சகமோட்டோ டேஸ் மாங்கா படியுங்கள். ஓய்வுபெற்ற கொலைகாரன் குண்டாகி மளிகைக்கடை வைத்திருக்கும் கதை. யூட்டோ சுசுகி ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு அடியைக் கடத்தும் லாவகம் 2025 அனிமேயில் பாதிகூட வரவில்லை.

கச்சியாகுட்டா 2025 ஜூலையில் வந்தது. மேலே வாழ்கிறவர்கள் குப்பையோடு குற்றவாளிகளையும் கீழே தள்ளிவிடும் உலகம், செய்யாத கொலைக்காகத் தள்ளப்பட்ட ரூடோ, நேசித்து வைத்திருந்த பொருளே ஆயுதமாகும் யோசனை. கோபத்தை இவ்வளவு நேர்மையாகக் காட்டும் தொடர் சமீபத்தில் இல்லை.

ஒன் பஞ்ச் மேன் மூன்றாவது சீசன்?

முதல் சீசனை மட்டும் பாருங்கள், மீதியை மாங்காவில் படியுங்கள். யுசுகே முராட்டாவின் ஓவியம் கையில் இருக்கும்போது மூன்றாவது சீசனின் அசையாத படங்களை எதற்குப் பார்க்க வேண்டும்? அதற்காக அதில் வேலை பார்த்தவர்களைத் தேடிப்போய்த் திட்டாதீர்கள், எவ்வளவு அவகாசம் கொடுத்தார்கள் என்பதை அவர்களா முடிவு செய்தார்கள்?

கோஜோ பெரியவனா, சுகுனாவா, ஜின்-வூவா?

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. பலத்தைக் கதை எழுதுகிறவர் முடிவு செய்கிறார், நாளைக்கே மாற்றியும் எழுதலாம். கோஜோ ஏன் தனியாளாக இருக்கிறான் என்று கேளுங்கள், இரவு முழுக்கப் பேசுகிறேன்.

தமிழ் டப்பிங்கில் பார்க்கலாமா, ஜப்பானியிலேயே பார்க்க வேண்டுமா?

இரண்டுமே சரி. சோலோ லெவலிங், ஜுஜுட்சு கைசன் எல்லாம் க்ரஞ்சிரோலில் தமிழில் கிடைக்கின்றன, இன்ஃபினிட்டி காசில் தியேட்டரிலேயே தமிழில் ஓடியது. சப்டைட்டில் வேகமாகப் படிக்க முடியாத அம்மா அப்பாவையும் தம்பி தங்கையையும் கூட உட்காரவைக்க டப்பிங்தான் ஒரே வழி, அதைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. ஒரே எபிசோடைத் தமிழில் குடும்பத்தோடும் பிறகு ஜப்பானியில் தனியாகவும் பார்ப்பது என் வழக்கம். ஜப்பானியக் குரல்களுக்கென்று ஒரு சுகம் இருக்கிறது. தஞ்சிரோவுக்கும் டான்டடானின் ஒக்காருனுக்கும் குரல் கொடுப்பவர் ஒரே ஆள், நட்சுகி ஹனாயே. அந்த நிதானமான அண்ணனும் இந்தப் பயந்த பையனும் ஒரே தொண்டையிலிருந்து வருகிறார்கள் என்று தெரிந்ததும் நான் இரண்டு தொடரையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன்.

எட்டு வயதுப் பையன் கேட்கிறான், டீமன் ஸ்லேயர் காட்டலாமா?

வேண்டாம், இன்னும் சில வருஷம் போகட்டும். வரைந்த படம் என்பதால் எல்லாமே குழந்தைகளுக்கு என்று ஆகிவிடாது. முதல் எபிசோடிலேயே பனியில் ரத்தம் தோய்ந்த குடும்பம் கிடக்கிறது. செயின்சா மேன், டான்டடான் இரண்டும் பெரியவர்களுக்கு மட்டும். பதின்மூன்று பதினான்கு வயதில் கூட உட்கார்ந்து டீமன் ஸ்லேயர் பார்க்கலாம், நடுவில் நிறுத்திப் பேசுங்கள்.

ஒன் பீஸ் இப்போது ஆரம்பித்தால் முடிக்க முடியுமா?

ஆயிரத்துக்கு மேல் எபிசோடு, முடிக்க வேண்டும் என்ற நினைப்போடு ஆரம்பித்தால் கஷ்டம். இவ்வளவு காலம் வாரம் தவறாமல் வந்ததால் ஒரே காட்சியை இழுத்தடிக்கும் பழக்கம் அதில் உண்டு. 2026 முதல் ஆண்டுக்கு அதிகபட்சம் 26 எபிசோடு என்று குறைத்திருக்கிறார்கள், மிக நல்ல முடிவு. அவசரப்படுகிறவர்கள் மாங்காவாகப் படிக்கலாம்.

சரி, நான் எதையுமே பார்த்ததில்லை. எந்த வரிசையில் பார்ப்பது?

டீமன் ஸ்லேயர் முதல் சீசன், 26 எபிசோடு. 19ஆவது வரைக்கும் பொறுமையாகப் போங்கள், அங்கே பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடலாம். பிடித்தால் முகன் டிரெயின் படம். அப்புறம் ஜுஜுட்சு கைசன் முதல் இரண்டு சீசனும். நடுவில் மனசு கனத்தால் ஃப்ரீரன். வின்லேண்ட் சாகாவைக் கடைசிக்கு வையுங்கள், வரிசையாக நிறையச் சண்டை பார்த்து முடித்தவர்களுக்குத்தான் அதன் இரண்டாவது சீசன் முழுக்க உறைக்கும்.

இப்போது எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?

இன்ஃபினிட்டி காசில் அடுத்த இரண்டு படங்கள். மாங்கா படித்தவர்களுக்குத் தெரியும், கொகுஷிபோ என்ற அரக்கனோடு மோதும் பகுதி இனிமேல்தான் வரப்போகிறது. அண்ணன் தம்பி கதை அது, நானூறு வருஷப் பொறாமை. அதை யூஃபோடேபிள் அவசரப்படுத்தாமல் எடுக்க வேண்டும், எத்தனை வருஷம் ஆனாலும் பரவாயில்லை, முதல் நாள் முதல் காட்சிக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு போய் உட்காருவேன்.